காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலில் மீத்தேனைக் குறைப்பது எப்படி?

தண்ணீர் நிற்கும் நெல் வயலில் இறங்கி ஓர் அடி எடுத்து வைத்தால், கால் பதிந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் எழும். சேற்றுக்குள் அடைபட்ட காற்று என்று நினைத்து யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. 1776-இல் அலெசாண்ட்ரோ வோல்ட்டா என்ற இத்தாலிய விஞ்ஞானி கண்டுகொண்டார். மஜ்ஜோரே ஏரியின் சதுப்பான கரையில் கோலால் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்துச் சேகரித்தார். தீ காட்டியதும் அது எரிந்தது. அந்த வாயுவுக்குத்தான் பின்னாளில் மீத்தேன் என்று பெயர் வந்தது. நெல் வயலின் சேற்றுக்குள்ளும் அதே வாயுதான் ஊறுகிறது.

அது எப்படி உண்டாகிறது, பாசன முறையில் செய்யும் ஒரு சின்ன மாற்றம் எப்படி அதை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் பாய்ச்சுவதையும் நிறுத்துவதையும் கற்பனை செய்ய முடிந்தால் போதும்.

மீத்தேன் ஏன் கவலைக்குரியது?

ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது மீத்தேன். நிறம் கிடையாது, மணம் கிடையாது. ஆனால் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வலுவானது. 100 ஆண்டுகளுக்குச் சராசரி போட்டால், வயல்களிலிருந்து வரும் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தாலோ சுமார் 80 கிலோவுக்குச் சமம்.

ஒரே வாயுவுக்கு ஏன் இரண்டு கணக்கு? மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் தங்கும். அதற்குள் செய்ய வேண்டிய வேலையைக் கடுமையாகச் செய்துவிட்டுச் சிதைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதியோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். குறுகிய காலத்துக்குக் கணக்குப் போட்டால் மீத்தேனின் உக்கிரம் முழுதாகத் தெரிகிறது, நீண்ட காலத்துக்குப் பரப்பினால் குறைவாகத் தெரிகிறது. இதில் நமக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இன்று மீத்தேனைக் குறைத்தால் அதன் பலனைப் பார்க்க நம் கொள்ளுப்பேரன்கள் காலம் வரை காத்திருக்க வேண்டாம். பத்து இருபது ஆண்டுகளிலேயே தெரிய ஆரம்பிக்கும். 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், 2030-க்குள் உலக மீத்தேன் வெளியேற்றத்தை 2020-இல் இருந்த அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்பதாகப் பல நாடுகள் உறுதியெடுத்ததற்கு இதுதான் காரணம்.

மனிதர்களின் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் நெல் வயல்களின் பங்கு சுமார் 8 சதவீதம் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2021 மதிப்பீடு. எடையில் சொன்னால் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன். அதே மதிப்பீட்டில் கால்நடைகளின் பங்கு 32 சதவீதம். எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் குழாய், நிலக்கரிச் சுரங்கம், குப்பைமேடு என்று மற்றவை பட்டியலில் நிற்கின்றன.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உலக மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அரிசியை நம்பி இருக்கிறார்கள். அதை விளைவிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு நிலம் வைத்திருப்பவர்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. நெல் சாகுபடியைக் குறைப்பதும் இங்கே பேச்சில்லை. நெல் அதே நெல், வயல் அதே வயல். தண்ணீர் வயலில் எத்தனை நாள் இடைவிடாமல் நிற்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமா?

நெல் தண்ணீரில் வாழும் செடி என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீரில் மூழ்கிய மண்ணைத் தாங்கிக்கொள்ளும் செடி என்று சொல்வதே சரி. பெரும்பாலான பயிர்களின் வேர் சில நாட்கள் தண்ணீரில் மூழ்கினாலே மூச்சுமுட்டி அழுகத் தொடங்கும். நெல்லுக்குத் தண்டிலும் வேரிலும் நெடுகக் காற்றறைகள் உண்டு. இலை வழியே வாங்கும் காற்று அந்தக் குழல்கள் வழியாக வேர் வரை இறங்கும். சேற்றுக்குள் இருந்துகொண்டே நெல் சுவாசிப்பது இப்படித்தான். இந்தக் காற்றறைகளை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் இவை வேறொரு வேலையும் செய்யப் போகின்றன.

சரி, தாங்கிக்கொள்ளும் என்பதற்காக ஏன் தண்ணீர் கட்டி வைக்கிறோம்? முதல் காரணம் களை. தண்ணீருக்கடியில் பெரும்பாலான களை விதைகள் முளைக்காது. அடுத்தது, மூழ்கிய மண்ணில் மணிச்சத்து போன்ற சில சத்துகள் பயிருக்குச் சுலபமாகக் கிடைக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மன நிம்மதி. வயலில் தண்ணீர் நின்றால் பத்து நாளைக்குப் பயமில்லை. அடுத்த முறை வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஒருவருக்கு, வரப்பு வரை நிறைந்த தண்ணீர் கையிருப்பு மாதிரி. இந்த நிம்மதியைப் புரிந்துகொள்ளாமல் பாசன மாற்றம் பற்றிப் பேசினால் எந்த விவசாயியும் கேட்க மாட்டார். இதற்குக் கடைசியில் திரும்ப வருவேன்.

சேற்றுக்குள் என்ன நடக்கிறது?

கட்டுரையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நிதானமாகப் படியுங்கள்.

ஒரு பிடி வயல் மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுக்கு உணவு, மண்ணில் கிடக்கும் பழைய வைக்கோல், அடித்தாள், செத்த வேர்கள், உயிருள்ள வேர்கள் கசியவிடும் சர்க்கரை போன்றவை. உணவை எரித்து ஆற்றல் எடுக்க, நம்மைப் போலவே அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் இண்டு இடுக்குகளில் காற்று இருக்கும் வரை கவலையில்லை.

வயலில் தண்ணீர் கட்டியதும் அந்த இடுக்குகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது. காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவும். மண்ணில் மிச்சம் இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. மேலிருந்து புதிதாக இறங்கும் ஆக்சிஜன், மண்ணின் மேற்புறச் சில மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. அதற்குக் கீழே மூச்சுவிட வழியில்லை.

உடனே மீத்தேன் வந்துவிடுமா? வராது. கையில் இருக்கும் காசு தீர்ந்ததும் ஒரு குடும்பம் உடனே கடன் வாங்கப் போவதில்லை, அடுத்த அடுத்த சேமிப்பைத் தொடும் அல்லவா? அதுபோல மண்ணிலும் ஒரு வரிசை இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத நிலையில் நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் தலையெடுக்கும். நைட்ரேட் தீர்ந்ததும் மாங்கனீசு. அப்புறம் இரும்பு, அதற்குப் பின் சல்பேட். ஒவ்வொரு படி இறங்கும்போதும் கிடைக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். இந்த வரிசையில் நம் கதைக்கு முக்கியமானது இரும்பு. மண்ணில் அது தாராளமாக இருப்பதால் தீரவும் நாளாகும்.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். காற்றுப்பட்ட மண்ணில் இரும்பு துருவாக இருக்கும், நிறம் செம்பழுப்பு. பல நாள் தண்ணீர் நின்ற வயலில் கைவிட்டு ஆழச் சேற்றை எடுத்தால் அது நீலம் கலந்த சாம்பல் நிறமாக மாறியிருக்கும். துருவில் இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிட்டதன் அடையாளம் அது. அந்தச் சாம்பல் சேற்றுக்குள்ளும் நெல்வேரைச் சுற்றி மட்டும் செம்பழுப்புப் பூச்சு இருக்கும். வேர் தன் காற்றறைகள் வழியாகக் கசியவிடும் ஆக்சிஜன் அங்கே மட்டும் இரும்பைத் துருவாக்கி வைத்திருக்கிறது.

இந்தச் சேமிப்புகள் எல்லாம் கரைந்த பிறகுதான் கடைசி ஆள் வருகிறார். மீத்தேனாக்கிகள் என்று சொல்லலாம். இவை பாக்டீரியா வகையைச் சேர்ந்தவைகூட இல்லை, ஆர்க்கியா என்ற தனிக் குலம். பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேர்வதற்கு முன்பே வாழ்ந்த பரம்பரை. ஆக்சிஜன் பட்டாலே இவற்றின் வேலை நின்றுவிடும். மற்ற நுண்ணுயிர்கள் வைக்கோலைச் சிதைத்துப் போட்ட அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு ஆகிய மிச்சங்களை எடுத்து மீத்தேனாக மாற்றி அதில் பிழைக்கின்றன. தண்ணீர் கட்டி, மண்ணைப் பொறுத்துச் சில நாட்களிலிருந்து சில வாரங்களில் இவை முழுவீச்சில் இறங்கும்.

உண்டான மீத்தேன் வெளியேற மூன்று வழிகள். ஒன்று, நாம் முதலில் பார்த்த குமிழி. இரண்டாவது, தண்ணீரில் கரைந்து மெதுவாக மேலேறுவது. இதில் அளவு குறைவு, மண்ணின் மேற்புறத்தில் ஆக்சிஜன் இருக்கும் அந்தச் சில மில்லிமீட்டரில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் காத்திருந்து நிறையப் பிடித்துவிடும். மூன்றாவது வழி நெற்பயிரேதான். ஆக்சிஜனை வேருக்கு இறக்கும் அதே காற்றறைகள், சேற்றிலிருக்கும் மீத்தேனை மேலே ஏற்றிக் காற்றில் விடுகின்றன. வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனில் 90 சதவீதம் வரை இந்த வழியாகவே போகிறது. பயிர் அதை உண்டாக்குவதில்லை. புகைபோக்கி போல வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

காற்று புகுந்தால் கதை மாறும்

இப்போது தீர்வு தானாகவே புலப்பட்டிருக்கும். மீத்தேனாக்கிகளுக்கு ஆக்சிஜன் ஆகாது. அப்படியென்றால் அவ்வப்போது தண்ணீரை வற்றவிட்டு மண்ணுக்குள் காற்றை அனுப்பினால் போதும்.

தமிழில் இதற்கு அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். ஒரு முறை பாய்ச்சி, அது வற்றிக் கொஞ்சம் காய்ந்த பிறகு மறுபடி பாய்ச்சுவது. வேளாண் துறையினர் 'நீர் மறைய நீர் கட்டுதல்' என்றும் சொல்வார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணம்தான். எவ்வளவு தூரம் காயவிடுவது என்பதில்தான் வித்தியாசம் வரும்.

பலருக்கும் ஒரு சந்தேகம் எழும். நான்கு நாள் காயவிட்டுத் திரும்பத் தண்ணீர் கட்டினால், அன்றைக்கே மீத்தேன் மறுபடி ஆரம்பித்துவிடாதா? அந்த நான்கு நாளுக்கு மட்டும்தானே லாபம்?

அங்கேதான் இரும்பு கைகொடுக்கிறது. மண் காற்றுப்பட்டதும், சாம்பல் நிறமாகிக் கிடந்த இரும்பு திரும்பத் துருவாக மாறுகிறது. தீர்ந்துபோன சேமிப்பு மறுபடி நிரம்பிவிடுகிறது, தீர்ந்த பேட்டரியை மின்னேற்றுவதுபோல. மறுபடி தண்ணீர் கட்டும்போது வரிசை முதலிலிருந்து தொடங்கும்: ஆக்சிஜன், நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு... இரும்பு தீரும் வரை மீத்தேனாக்கிகளுக்கு முறை வராது. அவை சாவதில்லை, மண்ணுக்குள் காத்திருக்கும். ஆனால் முறை வருவதற்குள் அடுத்த காய்ச்சல் வந்துவிட்டால் பாவம், அவை காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். காயவிட்டது சில நாள், கிடைத்த பலன் அதைவிட நீளமானது. ஒரு சின்ன இடைவெளி இவ்வளவு வேலை செய்வதன் ரகசியம் இதுதான்.

இன்னொரு விவரம். தண்ணீர் வற்றும் அந்தச் சில நாட்களில் மீத்தேன் அளவு திடீரென்று கொஞ்சம் எகிறும். சேற்றுக்குள் அடைபட்டிருந்த வாயு, மண் வெடிக்கும்போது ஒரேயடியாக வெளியேறுவதால் வருவது அது. அதைப் பார்த்து முறை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிறகு வரும் வீழ்ச்சி அதைவிடப் பெரியது.

வயலில் செய்வது எப்படி?

எவ்வளவு காயலாம் என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மேல்மண் காய்ந்து வெடித்திருந்தாலும் ஒரு சாண் கீழே ஈரம் நிறைந்திருக்கலாம். அதனால் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் மிக எளிய கருவி ஒன்றைப் பரப்பியது. துளையிட்ட ஒரு குழாய். அவ்வளவுதான்.

30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயோ மூங்கிலோ எடுத்துக்கொள்ளலாம். கை நுழைகிற அகலம், அதாவது 10 முதல் 15 செ.மீ. விட்டம் இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்க வசதியாக, ஆனால் வயலின் சராசரி மட்டத்தில் இருக்கும் ஓர் இடத்தில், துளையுள்ள பாதி மண்ணுக்குள் போகும்படி குழாயை இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை வெளியே எடுத்துவிட வேண்டும். துளைகள் வழியே நீர் உள்ளே வந்து, மண்ணுக்குள் நீர்மட்டம் எங்கே இருக்கிறதோ அதே மட்டத்தில் குழாய்க்குள்ளும் நிற்கும். உழவு போகும் ஆழத்துக்குக் கீழே இறுகிக் கிடக்கும் மண் அடுக்கைக் குழாய் துளைத்துவிடக் கூடாது. துளைத்தால் நீர் அந்த வழியாகக் கீழே இறங்கி, குழாய் பொய்க்கணக்குச் சொல்லும்.

பிறகு விதி ஒன்றுதான். வயலில் சுமார் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள். அது வற்றட்டும். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. பாய்ச்சுங்கள். 15 செ.மீ. வரை இறங்கினால் பயிருக்குத் தாகமே தெரியாது, வேர்கள் அந்த ஆழத்து ஈரத்தை எளிதாக எட்டிவிடும். இந்த எல்லைக்குள் செய்வதைத்தான் பாதுகாப்பான காய்ச்சல் என்கிறார்கள். மட்டம் இறங்க எத்தனை நாளாகும் என்பது மண்ணையும் வெயிலையும் பொறுத்தது. மணற்பாங்கான நிலத்தில் இரண்டு மூன்று நாளிலேயே இறங்கலாம், களிமண்ணில் பத்து நாளும் ஆகலாம். அதனால்தான் நாட்காட்டியை விட்டுவிட்டுக் குழாயைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

எப்போது தொடங்குவது? நடவு முடிந்து நாற்று பச்சை பிடித்த பிறகு, அதாவது ஒன்றிரண்டு வாரம் கழித்து. களை அதிகமான வயலென்றால் இன்னும் ஓரிரு வாரம் தண்ணீரைத் தேக்கி வைத்துக் களையை அடக்கிவிட்டுத் தொடங்கலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் விளையாடக் கூடாது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பயிர் வாடினால் மணி பிடிக்காமல் பதராகிவிடும். யூரியா போடுவதாக இருந்தால் காய்ந்திருக்கும்போது போட்டு உடனே தண்ணீர் பாய்ச்சுவது நல்லது.

எவ்வளவு குறையும்? ஒரு கணக்கு

நாடுகள் தங்கள் வெளியேற்றத்தைக் கணக்கிட ஐ.பி.சி.சி. என்ற அரசுகளுக்கிடையேயான காலநிலைக் குழு பொது எண்களைத் தருகிறது. அதன் 2019 திருத்தத்தின்படி, வைக்கோலோ தொழு உரமோ சேர்க்காமல் தொடர்ந்து தண்ணீர் நிற்கும் ஒரு ஹெக்டேர் வயல், உலகச் சராசரியில் நாளொன்றுக்கு 1.19 கிலோ மீத்தேனை வெளியிடும். வசதிக்காக 100 நாள் பயிர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 119 கிலோ.

பருவத்தில் பலமுறை காயவிடும் வயலுக்கு அதே ஆவணம் தரும் பெருக்கல் எண் 0.55. அதாவது 119 கிலோ, சுமார் 65 கிலோவாகிவிடும். தவிர்க்கப்பட்டது 54 கிலோ. அதை 27-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,450 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு ஹெக்டேரில், ஒரே பருவத்தில், ஒரு துளைக் குழாயைப் பார்த்து மடையைத் திறந்து மூடியதில் கிடைத்தது இது. எந்தப் பெரிய இயந்திரமும் தேவைப்படவில்லை என்பதை யோசிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருக்கிறது.

தண்ணீரும் மிச்சம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், காய்ச்சல் பாய்ச்சல் முறையில் பாசன நீர்த் தேவை சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விளைச்சல் பற்றியும் அதே ஆய்வு தெளிவாகப் பேசுகிறது. 15 செ.மீ. எல்லைக்குள் மிதமாகக் காயவிட்டபோது விளைச்சலில் குறிப்பிடும்படியான இழப்பு இல்லை. எல்லை மீறிக் கடுமையாகக் காயவிட்டபோது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இழப்பு. காய்ச்சல் நல்லதென்றால் அதிகக் காய்ச்சல் இன்னும் நல்லது என்று போய்விடக் கூடாது.

பக்க விளைவுகள்

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று நைட்ரஸ் ஆக்சைடு. மண் ஈரமும் காய்ச்சலுமாக மாறி மாறி இருக்கும்போது, தழைச்சத்து உரத்தின் ஒரு பகுதி இந்த வாயுவாக மாறி வெளியேறும். 100 ஆண்டுக் கணக்கில் இது கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வலுவானது. ஆகவே கொஞ்சம் கூடினாலும் கணக்கில் இடிக்கும். பொதுவாக மீத்தேனில் கிடைக்கும் லாபம் இந்த நஷ்டத்தைவிடப் பெரிதாகவே இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் யூரியா கொட்டும் வயலில் லாபம் கணிசமாகத் தேய்ந்துவிடும். தண்ணீரைத் திருத்தும்போது உரத்தையும் சேர்த்துத் திருத்தினால்தான் முழுப் பலன்.

நிலத்தடி நீரில் ஆர்சனிக் உள்ள இடங்களில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. மூழ்கிய மண்ணில் ஆர்சனிக் கரைந்து பயிருக்குள் ஏறும், காற்றுப்பட்ட மண்ணில் அது இரும்புத் துருவோடு ஒட்டிக்கொள்ளும். காட்மியம் இதற்கு நேர்மாறு, காயும்போதுதான் அதிகம் ஏறும். காட்மியம் கலந்த நிலத்தில் அதிகம் காயவிடக் கூடாது.

வைக்கோல் விஷயமும் இதோடு ஒட்டியது. மீத்தேனாக்கிகளின் உணவே அதுதான். அறுவடைக்குப் பின் தாளை நடவுக்குச் சில நாள் முன்பு சேற்றில் மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டினால், விருந்து வைத்த மாதிரி. அதே தாளை நடவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகவே காய்ந்த நிலத்தில் உழுதுவிட்டால், ஆக்சிஜன் இருக்கும்போதே பாதி மட்கிவிடும். அப்போது மீத்தேனுக்கு அதன் பங்களிப்பு மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்குவதாக ஐ.பி.சி.சி. எண்கள் காட்டுகின்றன. வயலிலேயே கொளுத்துவது தீர்வில்லை, அந்தப் புகை வேறு கேடு.

நாற்றை இளசாக, தள்ளித் தள்ளி நட்டு மண்ணைக் காற்றோட்டமாக வைக்கும் திருந்திய நெல் சாகுபடி, சேறடிக்காமல் புழுதியில் நேரடியாக விதைக்கும் முறை ஆகியவையும் தண்ணீர் நிற்கும் நாட்களைக் குறைப்பதால் மீத்தேனைக் குறைக்கும். அவற்றின் நெளிவுசுளிவுகள் தனிக் கட்டுரைக்குரியவை.

அப்புறம் ஏன் எல்லோரும் செய்யவில்லை?

முன்பு சொன்ன நிம்மதிக்கு இப்போது வருகிறேன். வயலைக் காயவிட்ட ஆறாம் நாள் குழாயில் மட்டம் இறங்கிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் பிரச்சினையில்லை. வராவிட்டால்? பூக்கும் சமயத்தில் ஒரு வாரம் தாமதமானால்கூட அந்தப் பருவமே போய்விடும். காலநிலைக்கு நன்மை செய்யப் போய்த் தன் குடும்பத்தின் வருமானத்தைப் பணயம் வைக்க யாரால் முடியும்? பாய்ச்சல் நிச்சயம் என்றால்தான் காய்ச்சலுக்குத் துணிவு வரும். மீத்தேன் குறைப்பு விவசாயியின் விழிப்புணர்வில் தொங்குவதாகப் பலர் பேசுகிறார்கள். என் பார்வையில் அது வாய்க்கால் நிர்வாகத்தில்தான் தொங்குகிறது.

பிலிப்பைன்ஸின் போஹோல் தீவு இதற்கு நல்ல உதாரணம். அங்கே தலைமடையில் இருப்பவர்கள் வயல் நிறையத் தண்ணீர் கட்டிக்கொள்ள, கடைமடைக்கு வந்து சேர்வது சொற்பமாக இருந்தது. 2000-களின் நடுவில் பயோங்கான் என்ற புதிய அணையோடு சேர்த்து, தேசியப் பாசன நிர்வாகம் முறை வைத்துத் தண்ணீர் விடத் தொடங்கியது. இத்தனை நாள் பாய்ச்சல், இத்தனை நாள் காய்ச்சல் என்று எல்லோருக்கும் ஒரே அட்டவணை. அடுத்த முறை எப்போது என்று தெரிந்ததால் தலைமடைக்காரர்களுக்குத் தேக்கி வைக்கும் அவசியம் குறைந்தது, கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. 2009-இல் பிலிப்பைன்ஸ் வேளாண் துறை இந்த முறையை நாடு முழுவதும் பரப்ப ஆணையே வெளியிட்டது.

அடுத்த தடை, மிச்சப்படுத்தும் தண்ணீரால் வரும் லாபம் யாருக்குப் போகிறது என்பது. வங்கதேசத்தில் பல விவசாயிகள் பம்புசெட் வைத்திருப்பவரிடம் பருவத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார்கள். காயவிட்டு டீசலை மிச்சம் பிடித்தால் லாபம் பம்புசெட்காரருக்கு, குழாயை எட்டிப் பார்க்கும் வேலை விவசாயிக்கு. இறைத்த அளவுக்குப் பணம் என்ற ஏற்பாடு இருக்கும் இடங்களில் இந்த முறை அதிகம் பயன்படுவது அங்கே நடந்த ஆய்வில் தெரிந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, நியாயம்தானே?

கார்பன் வரவு, அதாவது குறைத்த உமிழ்வுக்கு ஈடாகக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று வழியாக விவசாயிக்குப் பணம் தரும் முயற்சிகளும் நடக்கின்றன. அதற்கு உண்மையிலேயே காயவிட்டார்களா என்று உறுதிசெய்ய வேண்டும். மீத்தேனை அளப்பது சிரமமான வேலை. பயிரின் மேல் ஒளி ஊடுருவும் பெட்டியைக் கவிழ்த்து, குறிப்பிட்ட நிமிட இடைவெளியில் ஊசியால் உள்காற்றை உறிஞ்சி எடுத்து ஆய்வகத்தில் பரிசோதிக்க வேண்டும். எல்லா வயலிலும் இதைச் செய்ய முடியாது. அதனால் மேகத்தையும் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்கள் மூலம் வயலில் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்து, மீதியைக் கணக்கிடும் வழிகள் வளர்ந்து வருகின்றன. வியட்நாம் 2023 நவம்பரில் மேக்கோங் டெல்டாவில் 2030-க்குள் 10 லட்சம் ஹெக்டேரில் குறைந்த உமிழ்வு நெல் சாகுபடி செய்யும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. இந்த அளவில் செய்யும்போது கண்காணிப்பும் அளவீடும் எப்படி நடக்கின்றன என்பதை நான் ஆவலோடு கவனித்துவருகிறேன்.

மழைக்காலம்தான் கடினமான நேரம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது யாரும் வயலைக் காயவைக்க முடியாது. வடிகால் இல்லாத பள்ளமான நிலங்களுக்கும் இது பொருந்தாது. ஆனால் பலமுறை காயவிட முடியாத இடங்களிலும் மழை ஓயும் ஓர் இடைவெளி கிடைக்கலாம். ஜப்பானிய விவசாயிகள் தூர் கட்டி முடியும் பருவத்தில் ஒரு முறை வயலை வடித்துக் காயவிடுவதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள், நகாபோஷி என்று பெயர். அவர்கள் மீத்தேனை நினைத்து அதைத் தொடங்கவில்லை. வீண் தூர்கள் அடங்கும், வேர் பலப்படும், அறுவடைக்கு நிலம் இறுகும் என்பதற்காகச் செய்தார்கள். 2023 முதல், அந்த நாட்களை வழக்கத்தைவிட ஒரு வாரம் நீட்டிக்கும் விவசாயிகளுக்கு அரசின் கார்பன் வரவுத் திட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஐ.பி.சி.சி. கணக்கில், பருவத்துக்கு ஒரே ஒரு முறை வடிப்பதற்கான பெருக்கல் எண் 0.71. நம் 119 கிலோ வயலில் அது 84 கிலோவாகும். சில நாட்கள் மடையை மூடி வைத்ததற்கு 35 கிலோ.